கூழைக்கடாவின் நான்காவது குஞ்சு

புன்னைமுனை மாதா கோயில் பீடத்துக்கு மேலே, வளைந்த சுவர் முழுக்க, லட்சக்கணக்கான கண்ணாடிச் சில்லுகளால் பதித்த படம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் ஒரு கூழைக்கடா தன் நெஞ்சைத் தன் அலகாலேயே கிழித்து, கசிகிற ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. படம் பதித்த ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்காம் வருடத்திலிருந்து அதற்கு மூன்று குஞ்சுகள்தான் இருந்தன. அறுபத்தேழு வருடம் கழித்து, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடிந்தபோது நான்கு இருந்தன.

அந்தச் சில்லுகள் வெனிஸ் நகரத்திலிருந்து, வைக்கோல் பொதிந்த நாற்பது பெட்டிகளில் கப்பலேறி வந்தவை. கூடவே படம் பதிக்கத் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவரும் வந்தார். அவர் கொண்டுவந்த சாந்து எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு நிற்கவில்லை. படத்துக்கு முதலில் பதித்த ஆட்டுக்குட்டி இரண்டு முறை பொலபொலவென்று உதிர்ந்து பீடத்தில் விழுந்தது. மூன்றாம் முறை, சூளைத்தெருக்காரர்கள் கடற்சிப்பியைச் சுட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் விட்டு நாற்பது நாள் புளிக்க வைத்து அரைத்துக் கொடுத்த சுண்ணாம்பு சுவரில் ஏறியது. பதித்த சில்லு பதித்த இடத்தில் நின்றது. அன்று ஆட்டுக்குட்டி நின்றது, அதன் இரு பக்கமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு செம்மறிகள் நின்றன, ஒரே கிண்ணத்தில் நீர் குடிக்கும் இரண்டு மயில்கள் நின்றன, திராட்சைக்கொடி படர்ந்தது, நங்கூரம் இறங்கியது, மீன் நீந்தியது, எல்லாவற்றுக்கும் மேலே கூழைக்கடா கூடு கட்டியது.

அப்போது பங்குக் குருவாக இருந்த பிரெஞ்சுக்காரர் லெயோன் சாமி, ஊரைக் கூட்டிவைத்து ஒவ்வொன்றாக விளக்கினாராம். மயிலின் தசை அழுகாது என்று பழங்காலத்தார் நம்பினார்கள், அதனால் அது சாகாத வாழ்வு, நங்கூரம் நம்பிக்கை, பன்னிரண்டு ஆடுகள் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், கூழைக்கடா தன்னைக் கொடுத்து மக்களை வாழவைத்த ஆண்டவர். மற்றதையெல்லாம் தலையாட்டிக் கேட்ட, கடலுக்குப் போகிற கரைத்தெருக்காரர்கள் கூழைக்கடாவுக்கு மட்டும் சிரித்துவிட்டார்கள். வலைக்குள் தலையை விட்டுப் பாதி மீனை விழுங்கிவிட்டுப் போகிற பறவையா ரத்தம் கொடுக்கும்? ஆனாலும் நாளாக ஆக அவர்களுக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. நங்கூரம் தங்கள் நங்கூரம், மீன் தங்கள் மீன், கூழைக்கடா தங்கள் கடலில் மிதக்கிற கூழைக்கடா என்று, இந்தக் கடற்கரையில் வேறு எந்த ஊருக்கும் இல்லாத படம் தங்கள் ஊருக்கு இருப்பதை எண்ணி அவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள்.

சூளைத்தெருக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தியதற்குக் காரணம் வேறு. எங்களுக்குக் கோயிலில் வடக்குச் சிறகில் இடம். நடுக்கோயிலுக்கும் எங்களுக்கும் இடையில் இடுப்பளவு மரக்கிராதி. அங்கே நின்று பார்த்தால் படத்தில் ஒரு மயிலின் வாலும், நங்கூரத்தில் பாதியும்தான் தெரியும். அந்தச் சுண்ணாம்பை அரைத்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் கூழைக்கடாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் தெருவில் சுண்ணாம்பு அரைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்: "சில்லு அவங்களது. அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நம்மளது."

மதலேனாள் அப்படிச் சொல்கிறவர்களில் ஒருத்தி. மற்றவர்களைவிட உரக்கச் சொல்கிறவள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. சூளைப் புகையில் சிவந்த கண்களும், சிப்பி உடைத்து உடைத்துக் காய்த்துப்போன கைகளுமாக, சுண்ணாம்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கரைத்தெரு வழியாகப் போகும்போது, கூடை இருப்பதால்தான் தலை நிமிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கூடையை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போதும் தலை அப்படியேதான் இருக்கும். அவள் புருஷன் ராயப்பன் அதிகம் பேசாதவன். முதல் பிள்ளை பிறந்து இருபதாம் நாள் இறந்துபோனது. எங்கள் தெருவில் அது புதிதில்லை. பிறக்கிற மூன்றில் ஒன்று புகையிலோ காய்ச்சலிலோ போய்விடும். இரண்டாவதாக, அந்தத் தை மாதத்து வியாழக்கிழமை அந்தி சாயும் முன், அவளுக்குப் பெண் பிறந்தது. வலியில் அவள் சுவரை அறைந்ததில் கையிலிருந்த பச்சை வளையல்கள் அத்தனையும் நொறுங்கின. பிள்ளைக்குத் தெக்லா என்று பெயர் வைக்க நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை திரி ஏற்ற வந்த எஸ்தாக்கி உபதேசியார் அண்ணாந்து பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார். முப்பது வருடமாகக் கோயிலைத் திறந்து மூடுகிறவர் அவர். மறுபடி எண்ணினார். பிறகு மணியடிக்கிற நேரம் தவறிவிடுமே என்று போய் மணியை அடித்துவிட்டு, பூசைக்கு வந்த அமலநாதர் சாமியிடம், "சாமி, கூழைக்கடா குஞ்சு பொரிச்சிருக்கு" என்றார், வீட்டுக் கோழியைப் பற்றிச் சொல்வது போல.

அமலநாதர் சாமி கடலைப் பார்த்தாலே தலைசுற்றுகிற உள்நாட்டுக்காரர், இளவயது, புன்னைமுனைதான் அவருக்கு முதல் ஊர். அவர் ஏணி போடச் சொல்லி ஏறிப் பார்த்தார். மற்ற மூன்று குஞ்சுகளும் வெனிஸ் கண்ணாடி. நான்காவது, சுட்ட சிப்பியும் சங்குத் துண்டும். அதன் சிறகில் ஓரிடத்தில் மட்டும் பச்சை வளையல் சில்லு. புதிதாகப் பதித்த தடம் எதுவும் இல்லை. எப்போதும் அங்கேயே இருந்தது போல, வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, சொட்டுகிற ரத்தத்தின் அடியில் தன் பங்குக்கு நின்றது.

ஊர் வந்து பார்த்தது. நல்ல சகுனம் என்றார்கள் சிலர், அந்த வாரம் சாளை மீன் நிறையப் பட்டதால். முன்பே நாலுதான் இருந்தது, நாம்தான் சரியாக எண்ணவில்லை என்றார்கள் சிலர். இரண்டு நாளில் பேச்சு அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தெக்லாவுக்கு ஞானஸ்நானம். முன்வாசலுக்குப் பக்கத்தில் சலவைக்கல் தொட்டி இருக்கிறது, எட்டு முகம் வைத்துச் செதுக்கியது. அதில் நனைவது கரைத்தெருப் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகளுக்கு வடக்குப் பக்கவாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஒரு பித்தளைத் தாம்பாளம். அமலநாதர் சாமி அந்தத் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு ஊர்த்தலைவர் கயித்தானிடம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளைக்கு ஏன் தொட்டி இல்லை?"

கயித்தான் மூன்று பெரிய தோணிக்குச் சொந்தக்காரர். கோயில் கல்வெட்டில் முதல் பெயர் அவருடைய பூட்டனார் பெயர். அவர் கோபப்படவில்லை. "முறை அப்படி சாமி. எந்தத் தெருவுல பொறக்குதோ அந்தத் தெருவுக்கு உள்ள இடம். அது எனக்கும் ஒண்ணுதான், என் பேரனுக்கும் ஒண்ணுதான். மாத்துறதுக்கு அது நான் வச்சதா?" என்றார்.

மதலேனாள் பிள்ளையின் தலையைத் தாம்பாளத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தபடி, "நடத்துங்க சாமி. தண்ணி எல்லாத்துக்கும் ஒரே கிணத்துத் தண்ணிதான்" என்றாள்.

மாசியில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளை பிறந்தது; மறுநாள் ஐந்தாவது குஞ்சு வந்தது. பங்குனியில் இரட்டைப் பிள்ளைகள், மறுநாள் இரண்டு. எஸ்தாக்கி உபதேசியார் ஞானஸ்நானப் புத்தகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்து, மூன்றாம் முறை சந்தேகம் தீர்ந்ததும், யாரிடமும் சொல்லாமல் நேரே சூளைத்தெருவுக்கு நடந்து வந்தார். மதலேனாள் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பிள்ளை பொறந்தப்ப பச்சை வளையல் போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன். உடைஞ்சுபோச்சு. ஏன்?"

அவர் சொன்னார். அவள் கையில் இருந்த சிப்பியை உடைத்து முடித்து, கூடையில் போட்டு, முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"அப்ப எம்பிள்ளை மேல இருக்கா."

"நீ பாக்கணும்ல? மத்தியானம் கோயில்ல யாரும் இருக்கமாட்டாக. பீடத்துக்குப் பின்னாடி சக்ரீஸ்து ரூம் வழியா நான் கூட்டிக்கிட்டுப் போறேன். அஞ்சு நிமிசம்."

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவள் சொன்னது இதுதான்: "ஐயா, எம்பிள்ளை அங்க திருட்டுத்தனமா போயி ஏறல. நான் எதுக்குத் திருட்டுத்தனமா போயிப் பாக்கணும்? நடுவாசல் வழியா பாக்குற அன்னைக்குப் பாத்துக்கிடுதேன்."

அவள் சொன்னது தெருவெல்லாம் பரவியது. அதன்பிறகு எங்கள் தெருவில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கப் போகவில்லை. குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று உபதேசியார் வந்து சொல்வார்; தாய்மார்கள் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொள்வார்கள். "ஒன்னோடது கொஞ்சம் வடக்க தள்ளி இருக்கு, கழுத்து நீளம்." "இன்னாரோடது மத்ததை மிதிச்சுக்கிட்டு ஏறுது, பசி தாங்காது போல." அப்படி மிதித்துக்கொண்டு ஏறிய பதினோராவது குஞ்சு நான்தான், அதனால் இந்தக் கதையில் பெருமை சற்றுத் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சுகள் பெருகப் பெருகக் கூடு அகன்றது. திராட்சைக்கொடி ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. மயில்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டடி இறங்கின. பன்னிரண்டு ஆடுகளும் பேருந்தில் இடம் விடுகிறவர்களைப் போல நெருக்கி நின்றுகொண்டன. கூழைக்கடாவின் நெஞ்சிலிருந்து சொட்டுகிற சிவப்புச் சில்லுகள் மட்டும் குறையவில்லை. எத்தனை வாய் திறந்தாலும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சொட்டு இருந்தது. ஊருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. கரைத்தெருக்காரர்கள் பூசைக்கு வந்தால் முதலில் குஞ்சுகளை எண்ணி, "சூளைத்தெருவுல யாருக்குப் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டார்கள். வெளியூருக்குப் போன படகுக்காரர்கள் அங்கிருந்து திரும்பியதும், வலையை உலர்த்துவதற்கு முன், "எத்தனை ஆச்சு?" என்றார்கள்.

பழகாதது ஒன்றுதான். கரைத்தெருவிலும் பிள்ளைகள் பிறந்தன. சலவைக்கல் தொட்டியில் நனைந்தன. சுவரில் அவற்றுக்குக் குஞ்சு இல்லை. முதலில் பெரியவர்கள் அதைப் பேசவில்லை. சிறுபிள்ளைகள்தான் பூசை நடுவில் சத்தமாகக் கேட்டார்கள்: "அம்மா, அதுல நான் எது?"

வைகாசியில் கயித்தான் கூட்டம் போட்டார். இது கோயிலா, சூளைத்தெருக்காரர்கள் குடும்பப் படமா என்று கேட்டார். மூன்றுக்கு மேல் உள்ளதைச் சுண்ணாம்பு பூசி மறைப்பது என்று முடிவானது. அமலநாதர் சாமி, ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்காமல் கை வைக்கக்கூடாது என்றார். எழுதினார்கள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: கூழைக்கடாவுக்கு மூன்று குஞ்சு என்பது ஓவியர்களின் வழக்கம், ஆனால் எத்தனை குஞ்சுக்கு மேல் கூடாது என்று திருச்சபை எங்கும் சட்டம் வகுக்கவில்லை. கயித்தான் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மறைக்கக்கூடாதுன்னும் இதுல இல்லையே" என்றார்.

கொத்தனார் சுண்ணாம்பு கேட்டு மதலேனாளிடம்தான் வரவேண்டியிருந்தது. ஊரில் வேறு சுண்ணாம்பு ஏது?

"எதுக்கு?" என்றாள்.

கொத்தனாருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "குஞ்சுகளை மூட."

தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ராயப்பன்கூட எழுந்து நின்றான். மதலேனாள் இருப்பதிலேயே நல்ல சுண்ணாம்பாகப் பார்த்து எடுத்து, மெல்லிய துணியில் ஒரு முறை சலித்தாள். பிறகு இன்னொரு முறை சலித்தாள்.

"போதும் தாயி, போதும்" என்றார் கொத்தனார்.

"பிள்ளைங்க முகத்துல படப்போறதுல்லா? கல்லு கில்லு இருக்கக்கூடாது" என்று மூன்றாம் முறையும் சலித்துக் கொடுத்தாள்.

கொத்தனார் ஏணியில் ஏறினார். தூரிகையை நனைத்தார். கீழே கயித்தானும் கரைத்தெருவில் பாதிப் பேரும் நின்றார்கள். வெகுநேரம் மேலேயே நின்றுவிட்டு, ஒரு கோடுகூட இழுக்காமல் இறங்கி வந்து, சட்டியைக் கயித்தான் காலடியில் வைத்தார். "பச்சப்பிள்ளைங்க வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கி. அந்த வாயில சுண்ணாம்பை அப்பச் சொல்லுதீயளா? நான் நாலு பிள்ளை பெத்தவன்யா. வேற ஆளைப் பாருங்க." வேறு ஆள் கிடைக்கவில்லை. கயித்தானே ஏறலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குள் இன்னொரு விஷயம் ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது. தையிலிருந்து சூளைத்தெருவில் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. ஆடியில் கடற்கரை முழுக்க விஷக்காய்ச்சல் வந்து கரைத்தெருவில் ஐந்து சின்னப் பெட்டிகள் போயின. எங்கள் தெருவிலும் காய்ச்சல் வந்தது. பிள்ளைகள் அனலாய்க் கொதித்தன. நான் மூன்று நாள் கண் திறக்கவில்லையாம். நான்காம் நாள் எல்லாரும் பாலுக்கு அழுதோம். யாரும் அதை எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் கல்லறைத் தோட்டம் எல்லாருக்கும் பொது. எந்தப் பக்கத்து மண் புதிது என்று பார்க்க யாருக்கும் கண் இருக்கிறது.

கார்த்திகையில் ஒரு நண்பகல். வெயிலும் மழை மேகமுமாய் இருந்தது. இரண்டு தெருவுக்கும் நடுவில் ஓடுகிற ஓடையைத் தாண்டி, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன்னந்தனியாக ஒருத்தி வந்தாள். கயித்தானின் மருமகள் ரொசாலி. அவள் கல்யாணமாகி வந்து ஐந்து வருடத்தில், கரைத்தெருவிலிருந்து ஒரு பெண் ஓடையைத் தாண்டி வந்து யாரும் பார்த்ததில்லை. அவள் மதலேனாள் வீட்டு வாசலில் வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதலேனாள் தெக்லாவை இடுப்பில் வைத்திருந்தாள். "என்னம்மா, சுண்ணாம்பா? ஆளை அனுப்பியிருக்கலாமே."

"சுண்ணாம்பு இல்ல." ரொசாலிக்கு மூச்சு வாங்கியது. "காலையில இருந்து வலிக்கி. எனக்கு இங்க பெத்துக்கணும்."

மதலேனாள் தெக்லாவை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ரெண்டை மண்ணுக்குக் குடுத்துட்டேன். ஒண்ணு ஒன்பதாம் நாளு. ஒண்ணு சத்தமே போடல." ரொசாலி வேலியை விட்டுவிட்டு நிமிர முயன்றாள். "எங்க தெருவுல பெத்தா இதுவும் போயிரும். சுவத்துல எம்பிள்ளைக்கு ஒரு வாய் வேணும்."

சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, மாமனார் ஏணி போட்டது மறந்துபோச்சாமா என்று முணுமுணுத்தாள். இன்னொருத்தி, நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஆனால் தெருவையே கொளுத்துவார்கள், திருப்பி அனுப்பு என்றாள். இரண்டுமே நியாயம்தான். மதலேனாள் எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு எதிரில் நிற்பவள் அதுவரை அவளை நேருக்கு நேர் பார்த்ததுகூட இல்லை; சுண்ணாம்புக் கூடையைத்தான் பார்த்திருக்கிறாள். எங்கள் தெருவின் எல்லாக் கணக்கையும் தீர்த்துக்கொள்ள ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவள் நாக்கு வரை வந்ததாக அவளே பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணு," என்றாள் மதலேனாள். "இருபதாம் நாளு."

ரொசாலி அவளைப் பார்த்தாள். "அக்கா," என்றாள், அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை.

தெக்லாவை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மதலேனாள் ரொசாலியைத் தோளில் சாய்த்து உள்ளே கூட்டிப்போய், தன் பாயை விரித்து, தான் சுவரை அறைந்த அதே இடத்தில் படுக்க வைத்தாள். முணுமுணுத்தவள் வெந்நீர் வைத்தாள். திருப்பி அனுப்பச் சொன்னவள் ரொசாலியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "கத்து தாயி, கத்து, இது ஒன் வீடு" என்றாள். வெயில் சாய்வதற்குள் ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த வேகத்தில் அது போட்ட சத்தத்தில் சூளையடியில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மறுநாள் காலை உபதேசியார் ஓடி வந்தார், நடந்தல்ல. சுவரில் புதிய குஞ்சு. மற்றதைப் போலவே சுட்ட சிப்பி. மற்றதைப் போலவே சங்கு. அருகில் போய்ப் பார்த்தாலும் கரைத்தெரு என்று சொல்ல அதில் ஒரு அடையாளமும் இல்லை.

இராத்தொழில் முடிந்து கரையேறியதும் கயித்தானும் வந்தார், மகன் லாசரும் வந்தான். ஓடை வரை வேகமாக வந்தவர்கள், ஓடையில் நின்றார்கள். பிறகு லாசர் இறங்கித் தாண்டிவிட்டான்; பிள்ளையைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவனுக்கு. கயித்தானும் வேறு வழியில்லாமல் தாண்டினார். மதலேனாள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள், அவர் உட்காரவில்லை.

"மருமகளை அனுப்பு. பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். தொட்டியைக் கழுவச் சொல்லியாச்சு."

உள்ளேயிருந்து ரொசாலியின் குரல் வந்தது. "தொட்டியில முடியாது மாமா. எம்பிள்ளை சூளைத்தெருவுல பொறந்தவன். அவனுக்கு வேப்பமரத்தடிதான்."

"யாரு சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க. பொறந்த தெருதான் முறை, எனக்கும் ஒண்ணுதான் எம்பேரனுக்கும் ஒண்ணுதான்னு. ஊரே கேட்டுச்சு."

கயித்தான், உபதேசியார் பின்னாலேயே வந்திருந்த அமலநாதர் சாமியைப் பார்த்தார். சாமி தரையைப் பார்த்தார். அவர் உதடு சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டது.

"பிள்ளையை ஏந்துற ஞானத்தாயும் இந்த வீட்டுக்காரிதான்," என்றாள் ரொசாலி.

மதலேனாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அதை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. "நானா? யம்மா, அது சரிப்படாது..."

"ரொசாலின்னு கூப்பிடுக்கா."

கயித்தான் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவர் மனம் திரும்பினார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குத் திரும்பியது பெருமைதான், ஆனால் அது சரியான பக்கமாகத் திரும்பியது. கல்வெட்டில் முதல் பெயர்க்காரரின் வம்சத்தில் வந்தவன் பக்கவாசலுக்கு வெளியே, மரத்தடியில் நனைவதா? சனிக்கிழமை காலை அவர் படகுக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். வடக்குச் சிறகில் கிராதிக்கு முன்னால் நின்றார். உதவிக்கு வந்தவர்களைக் கையால் தள்ளிவிட்டு, அறுபது வயதில், ஒவ்வொரு கட்டையாகத் தானே பெயர்த்துப் போட்டார். "எம்பேரன் போற வழியில மரம் நிக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார். பெயர்த்த இடத்தில் தரை வெளுப்பாக ஒரு கோடாய்த் தெரிந்தது. அதையும் காலால் தேய்த்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சூளைத்தெருவே வந்தது. நாற்பது வீடு, நாற்பது வீட்டின் வெள்ளை வேட்டி சேலைகள், கைக்குழந்தைகள் பதினாறு. முன்வாசல் வழியாக. முன்னால் தாம்பாளம் வந்தது. புளி போட்டுத் தேய்த்து, பார்க்கிறவர் கண் கூசுகிற மாதிரி பளபளத்தது. சலவைக்கல் தொட்டியருகே சாமி நின்று, "இங்கேயா?" என்று கேட்டார்.

மதலேனாள் தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "கல்லு குளிருது சாமி. எங்க பிள்ளைங்க எல்லாம் தாம்பாளத்துலதான் நனைஞ்சுது. இவனும் அதுலயே நனையட்டும். எங்க வைக்கணுங்கிறதை நீங்க சொல்லுங்க."

சாமி கயித்தானைப் பார்த்தார். கயித்தான் பீடத்தின் பக்கம் கை காட்டினார். "முன்னால. படத்துக்குக் கீழ. எல்லாருக்கும் தெரியுற மாதிரி வைங்க."

நடுக்கோயிலின் நீளம் நாற்பத்திரண்டு அடி என்கிறார்கள். மதலேனாள் கையில் பிள்ளையோடு அந்த நாற்பத்திரண்டு அடியையும் நடந்தாள். பெஞ்சுகளில் இருந்த கரைத்தெருக்காரர்கள் ஒவ்வொரு வரிசையாக எழுந்தார்கள். மரியாதைக்கு எழுந்தவர்களும் உண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்க்க எழுந்தவர்களும் உண்டு. எழுந்ததில் வித்தியாசம் தெரியவில்லை. நடக்கும்போது அவள் மேலே பார்க்கவில்லை. கையிலிருந்த பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தாள், கால் தடுக்கிவிடக் கூடாதே என்று.

படிக்கட்டருகே தாம்பாளத்தை வைத்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். எஸ்தாக்கி உபதேசியார் மெழுகுதிரியை நீட்டினார். அமலநாதர் சாமி புத்தகத்தைப் பிரித்து, ஞானத்தாயைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அப்போதுதான் மதலேனாள் தலையை உயர்த்தினாள்.

அவள் அவசரப்படவில்லை. கீழேயிருந்து தொடங்கினாள்; ஒவ்வொரு ஆடாகப் பார்த்தாள்; ஆட்டுக்குட்டியைப் பார்த்தாள்; கூட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு குஞ்சாக, வீடு வீடாக, பெயர் சொல்வது போல உதடு அசைய எண்ணினாள். பச்சை வளையல் சில்லு மின்னிய ஓரிடத்தில் உதடு நின்றுவிட்டுப் பிறகு நகர்ந்தது. கடைசியாகத் தாய்ப்பறவையின் குனிந்த கழுத்தையும், கிழிந்த நெஞ்சையும், அதன் கண்ணையும் பார்த்தாள். அவள் முகத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை, கை நிறையப் பிள்ளை இருந்தது. சாமி விரலைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தபடி நின்றார். உபதேசியாரின் கையில் மெழுகு உருகி விரலில் சொட்டியது, அவர் அசையவில்லை. கயித்தான் நின்றார். ரொசாலி நின்றாள். எங்கள் தெரு நின்றது, கரைத்தெரு நின்றது, இருமல்காரர்கள்கூட இருமவில்லை. அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் மொத்தக் கோயிலும் அவளுக்காகக் காத்திருந்தது.

"பாத்தாச்சு," என்றாள் மதலேனாள். "ஆரம்பிங்க சாமி."